சம்பளம் எந்தத் தேதி?

சர்க்கரைக்காரர் வந்து உட்கார்ந்தால் முன்பெல்லாம் ‘என்ன சாப்பிட்டீங்க?’ என்றுதான் ஆரம்பிப்பேன். இப்போது ‘சம்பளம் எந்தத் தேதி?’ என்று கேட்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் என் கிளினிக். வருகிற இளைஞர்களில் பலர் ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திராவில் தடா பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள். வீட்டில் தமிழ், லைனில் தெலுங்கு, கம்பெனி பஸ்ஸில் இரண்டும். அதில் ஒரு தம்பிக்கு 23 வயது, பள்ளிக்கூட நாளிலிருந்தே டைப் 1 சர்க்கரை. அவர் நோட்டைத் தேதிவாரியாகப் புரட்டியபோதுதான் பிடிபட்டது, மாதாமாதம் 20ஆம் தேதிக்கு மேல் சர்க்கரை ஏறுகிறது.

“இன்சுலின் காட்ரிட்ஜ் தீரப்போவுது சார். 7ஆம் தேதி வரைக்கும் இழுக்கணும்ல? கொஞ்சம் கம்மியா போட்டுக்குவேன்.”

டைப் 1-இல் உடம்பு தானாகச் சுரக்கும் இன்சுலின் அநேகமாக இல்லை. ஊசியைக் குறைத்தால் கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று ஒரே நாளில் ஐசியூ வரை கொண்டுபோய்விடும். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் அங்கே ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது.

அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம்தான். “ஓபிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போயிடும்” என்றார். அந்தக் கணக்கை நான் தப்பென்று சொல்லமாட்டேன். வார ஓய்வை மாற்றிக்கொண்டு போகலாம் என்று பேசினோம். ஆனால் ஒன்று: அங்கே தரும் குப்பியில் ஒரு மில்லியில் 40 யூனிட், பேனா ஊசியில் போடும் காட்ரிட்ஜில் 100. பேனா ரிப்பேரானால் காட்ரிட்ஜிலிருந்து, 40 யூனிட் குப்பிக்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சி, வழக்கமான கோடு வரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். நைட் ஷிஃப்டில் தனியாக நிற்கும்போது சர்க்கரை இறங்கி மயங்கினால் யார் பார்ப்பது?

வேலையை விட்டுவிடலாமா என்றும் கேட்டார். சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடித்திருந்தார்கள். எதற்கென்றே அவருக்குத் தெரியாது! மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இது உண்டு. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் உண்டு. மருந்து, சிகிச்சை போக, ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், இஎஸ்ஐ டாக்டர் சான்றோடு லீவில் இருக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு, பட்டியலில் உள்ள 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம். வெறும் சர்க்கரை அதில் வராது. கண்ணோ சிறுநீரகமோ காலோ கெட்ட பிறகுதான் வரும். (இந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை.) அவசரப்பட்டு வேலையை விட்டால் இதெல்லாம் கையைவிட்டுப் போகும்.

கம்பெனியில் சொல்லலாமா என்பதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. ‘சொல்லிடுங்க’ என்று முன்பு சுலபமாகச் சொல்லிவந்தேன். சொன்னதால் மறுமாதமே வேலை போனவர்களையும் பார்த்துவிட்டேன். ஒருத்தருக்காவது தெரியட்டும் என்கிறேன் இப்போது: சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட்.

அவருடைய அம்மா, பொண்ணு பார்க்கிற வரைக்கும் மூச்சுவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறார். லைனில் பக்கத்தில் நிற்கும் பையனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாராம், தெலுங்கில்.