மீடியேஷன்: தமிழில் என்ன சொல்வது?

ஆடிட்டர், ஆர்க்கிடெக்ட் போன்றவர்கள்மேல் சேவைக் குறை சொல்லிப் புகார் கொடுத்தால், ‘முதலில் மீடியேஷனுக்கு வருகிறீர்களா?’ என்று கேட்கப்படலாம். மூன்றாமவர் ஒருவர் இரு தரப்பையும் பேசவைப்பார். தீர்ப்பு மட்டும் சொல்ல மாட்டார். இந்த இடத்தில்தான் தமிழ்ச் சொற்கள் இடறுகின்றன.

மீடியேஷனுக்கு மூலமான லத்தீன் ‘மெடியுஸ்’ என்றால் நடு. சமஸ்கிருத ‘மத்ய’ அதற்கு உறவு. நடுவில் நிற்பவர் மத்தியஸ்தர். இலங்கையில் மத்தியஸ்த சபை என்றே சொல்கிறார்கள். ஆனாலும் மத்தியஸ்தர் என்றதும், ‘இப்படிச் செய்துக்குங்க’ என்று முடித்துவைக்கும் பெரியவர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். நடுவர்? பட்டிமன்றத்தில் தீர்ப்பு சொல்பவர். அவரை, மூன்றாமவரே தீர்ப்பு சொல்லும் ஆர்பிட்ரேஷனுக்கு விட்டுவிடலாம்.

சமரசம் என்பது சம ரசம், ஒரே சுவை. வள்ளலாரின் ‘சமரச சுத்த சன்மார்க்க’த்தில் அதற்குப் பேதம் பாராத ஒருமை என்று பொருள். இன்றோ ‘சமரசம் செய்துகொள்ளாதவர்’ என்பது பாராட்டு! தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் சமரச மையம் என்ற பெயர் நிலைத்துவிட்டது, சரி. புகார்க்காரர் காதில் அது ‘விட்டுக்கொடு’ என்றே விழுகிறது.

நடப்பது வேறு. ஓர் உதாரணம்: வரைபடத்தை மூன்று முறை திருத்தித் தருவதாகச் சொன்ன ஆர்க்கிடெக்ட் ஒன்றோடு நிறுத்திவிட்டார் என்று வீட்டுக்காரர் புகார். அவர் கேட்டது புது வரைபடமே, மீதிக் கட்டணமும் வரவில்லை என்று ஆர்க்கிடெக்ட் பதில். நடுவில் இருப்பவர் தனித்தனியே கேட்கிறார். தனியறையில் சொன்னது அனுமதியில்லாமல் மறுபக்கம் போகாது. அப்போது வெளிவருகிறது: ஆர்க்கிடெக்ட் இரண்டு மாதம் போனை எடுக்காததுதான் வீட்டுக்காரரின் உண்மையான கோபம். கடைசியில் இன்னொரு திருத்தம், பாதிக் கட்டணம், ஒரு மன்னிப்பு, எழுதிக் கையெழுத்து. பணக் கையாடல் மாதிரியான ஒழுங்கீனம் என்றால் இங்கே வேலையில்லை, அது ஒழுங்கு நடவடிக்கைக்குப் போக வேண்டியது.

பகைத்து நிற்கும் இருவரை இப்படிப் பேசி இணைப்பதைப் பழந்தமிழ் உரைகாரர்கள் ‘சந்து செய்தல்’ என்றார்கள். சோழன் நலங்கிள்ளி முற்றுகையிட, இன்னொரு சோழனான நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைந்து கிடந்தபோது, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று புலவர் கோவூர்கிழார் பாடியது புறநானூற்றின் 45ஆம் பாட்டு. எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் இன்று சந்து என்றால் ஆட்டோ நுழையாத தெரு.

ஆகவே என் தேர்வு ‘இணக்கப் பேச்சு’. நடத்துபவர் இணக்குநர். இணங்குவதோ எழுந்து போவதோ பேசுபவர்கள் பாடு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.