முதல் சக்கரம் ஏறும் முன்: தெருவில் விழுந்த பனியை அகற்றும் விதம்

2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு, தென்னாப்பிரிக்காவில் டர்பனையும் ஜோகன்னஸ்பர்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலை வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் கடும் பனிப்பொழிவால் அடைபட்டது. மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் பாதி உறவும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் மீதி உறவுமாக வாழும் நம் குடும்பங்களில், பயணிகள் விடிய விடிய வண்டிக்குள்ளேயே சிக்கிக் கிடந்த செய்தி வந்தபோது, கனடாவிலும் ஜப்பானிலும் தெருத்தெருவாகப் பனியை வழித்தெடுக்கிறார்களே, இங்கே ஒரு சாலையைத் திறக்க ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்காதவர் குறைவு.

கருவி இல்லை என்பது விடையின் ஒரு பாதிதான். பனிக்கென்றே தனி வண்டிப்படை வைத்திருக்கும் நகரம் தென்னாப்பிரிக்காவில் இல்லை. வைத்திருப்பதும் வீண் செலவே. 2012க்குப் பிறகு ஜோகன்னஸ்பர்கில் அடுத்துப் பனி விழுந்தது 2023 ஜூலையில்தான், அதுவும் தரையின் வெதுவெதுப்பில் விரைவிலேயே உருகிவிட்டது. ஆகவே மண்சாலையைச் சமன்படுத்தும் கிரேடர்களே கணவாய்க்கு வந்து பனியைத் தள்ளின. விடையின் மறுபாதி பனியின் இயல்பில் இருக்கிறது. நின்றுபோன லாரிகளைச் சுற்றிப் பனி விழுந்து, காற்றால் குவிந்து, இறுகத் தொடங்கிய பிறகு எந்த வண்டி வந்தாலும் வேலை கடினம்தான். ஆண்டுதோறும் பனியோடு வாழும் நகரங்களுக்கும் இதே தொல்லை உண்டு. அது நெடுஞ்சாலையைவிடக் குடியிருப்புத் தெருக்களிலேயே தெளிவாகத் தெரியும்.

புதிதாக விழுந்த உலர்ந்த பனியில் பெரும்பகுதி காற்று. ஒரு கன மீட்டர் பனி 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். அதே அளவு திடமான பனிக்கட்டியோ 917 கிலோ. இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட பாதையில் பனி தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. உருகுநிலைக்கு மிக அருகில் இருக்கும் பனித்துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், நீர் மூலக்கூறுகள் மெல்ல இடம்பெயர்ந்து வந்து சேர்ந்து, சிறு கழுத்துப் போன்ற இணைப்பை உண்டாக்குகின்றன. ஈரம் பட்ட சர்க்கரை டப்பாவில் கட்டிதட்டுவது போலத்தான், ஆனால் வெளியிலிருந்து ஈரம் எதுவும் வரத் தேவையில்லை. இதன்மேல் ஒரு காரின் சக்கரம் ஏறினால் காற்று பிதுங்கி வெளியேறி, பல மணி நேரத்தில் நடக்க வேண்டியது ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. அடியில் உள்ள பனி தாரின் நுண்குழிகளுக்குள் அமுங்கி, அங்கேயே உறைந்து பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு வழிக்கும் வண்டி மேற்பரப்பைச் சீவ முடியுமே தவிர, சாலையிலிருந்து பெயர்க்க முடியாது.

வழிக்கும் வண்டியின் அலகும் அப்படிப் பெயர்ப்பதற்காக அமைந்ததன்று. சாலைக்குக் குறுக்காகச் சற்றுச் சாய்த்துப் பொருத்திய வளைந்த தகடு, பனியைச் சுருட்டி ஒரு பக்கமாக ஒதுக்குகிறது. அதன் கீழ்விளிம்பு தேயாமலிருக்க டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளைப் பதிப்பதுண்டு; சில இடங்களில் ரப்பர் விளிம்பும் உண்டு. தெருவில் சாக்கடை மூடி ஒரு விரல்கனம் எழும்பி நின்றாலும் போதும், வண்டி ஓடும் வேகத்தில் தகடு மோதினால் மூடியோ வண்டியோ பழுதாகும். அதற்காகவே விளிம்பைச் சுருள்வில்லில் பிணைத்திருக்கிறார்கள்: மோதியதும் அது பின்னால் மடிந்து, தடையைத் தாண்டியதும் பழைய நிலைக்குத் திரும்பும். கிரேடரின் அலகுக்குப் பொதுவாக இந்த நெகிழ்வு இல்லை. எனவே அதன் ஓட்டுநர் மெதுவாகவும், தார்ப்பரப்பைத் தொடாமல் கொஞ்சம் மேலே தூக்கியும்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

இனி உப்பு. உப்பைப் போட்டால் பனி உருகும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு எளிதன்று. 100 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தெருவில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால், உலர்ந்த பனியாக இருந்தாலும் அதன் எடை 12 டன் வரை இருக்கும். சுழியத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் கீழே ஒரு கிலோ உப்பு ஏறத்தாழ 46 கிலோ பனிக்கட்டியை உருக்கும். அந்தக் கணக்கில் இந்த ஒரு தெருவுக்கே 260 கிலோ வேண்டும். சுழியத்துக்கு 12 டிகிரி கீழே போனால் ஒரு கிலோ உப்பு 5 கிலோவைத்தான் உருக்கும். அப்போது தேவை 2 டன்னைத் தாண்டிவிடும். அதுவும் உடனே நடக்காது, ஏனெனில் ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும், உப்பு அந்த வெப்பத்தைத் தருவதில்லை. சாலையும் காற்றும்தான் தர வேண்டும். உப்பின் வேலை நீரின் உறைநிலையைக் கீழே இறக்குவது மட்டுமே. 23 சதவீத உப்புக் கரைசல் சுழியத்துக்கு 21 டிகிரி கீழே வரை உறையாது. ஆனால் சுழியத்துக்கு 10 டிகிரி கீழே வந்துவிட்டாலே தெருவில் உப்பின் வேகம் பயனற்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

அதனால் விவரமறிந்த நகராட்சிகள் உப்பைப் பனியின்மேல் கொட்டுவதைவிட, பனிக்கு முன்பே சாலையில் தூவிவிடவே விரும்புகின்றன. சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிராம் போதும். மேலே சொன்ன தெருவுக்கு அது 6 முதல் 12 கிலோதான். அந்த மெல்லிய உப்புநீர்ப் படலம் பனியை உருக்குவதில்லை, தாரோடு ஒட்டவிடாமல் தடுக்கிறது. ஒட்டாத பனியை அலகு ஒரே ஓட்டத்தில் வழித்துவிடும். இந்தத் துறையின் மொத்தத் திறமையும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மற்றதெல்லாம் சுமை தூக்கும் வேலை.

குடியிருப்புத் தெருக்களுக்கு இந்த உத்தி சரியாக வாய்ப்பதில்லை. ஆம்புலன்சும் பேருந்தும் ஓடும் பெருஞ்சாலைகள் முதலில், இணைப்புச் சாலைகள் அடுத்து, வீட்டுத் தெருக்கள் கடைசியில் என்பதே வழக்கமான வரிசை. முறை வந்து சேர்வதற்குள் அந்தத் தெருவின் கார்கள் பனியை மிதித்து இறுக்கியிருக்கும். உப்பைத் தூவினாலும் அதைக் கலக்கிப் பரப்பப் போதிய வண்டியோட்டம் அங்கே இருக்காது. இருபுறமும் கார்கள் நிற்பதால் அலகை முழுதாக விரிக்கவும் இடமில்லை. வழித்து ஒதுக்கிய பனி ஒவ்வொரு வீட்டு வாசலையும் அடைத்துக்கொண்டு ஒரு வரப்பாக நிற்கும். வண்டி சுருட்டும்போதே துகள்கள் நசுங்கி நெருங்கிவிடுவதால், ஒரு மணி நேரம் விட்டாலே அந்த வரப்பு மண்வெட்டிக்கு மசியாது. அதிகாலையில் தன் வாசலைச் சுத்தம் செய்து முடித்தவர் கண்ணெதிரே அதை மறுபடி மூடிவிட்டுப் போகும் வண்டிமீது அந்த நகரங்களில் எழும் கோபம் நியாயமானதே.

பனி அதிகமாகும்போது ஒதுக்கவும் இடம் இருக்காது. சுமார் 10,000 கிலோமீட்டர் தெருக்களையும் நடைபாதைகளையும் வழிக்கும் கனடாவின் மொன்றியல் நகரம், ஒதுக்கிய பனியை லாரிகளில் ஏற்றியே அப்புறப்படுத்துகிறது. அப்படி ஏற்றும் நாளில் அந்தத் தெருவில் கார் நிறுத்தத் தடைப் பலகை வைப்பார்கள். ஒலிப்பான் அலறிய பிறகும் நகராத கார்களை இழுத்துச் சென்றுவிடுவார்கள். பிறகு சுழலும் திருகுபோன்ற வாயால் பனியை விழுங்கிக் குழாய் வழியாக வீசும் இயந்திரம், பக்கத்தில் ஊர்ந்து வரும் லாரியை நிரப்புகிறது. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் 1925இல் இதை உருவாக்கினார். அள்ளிய பனி பழைய கல்குவாரி போன்ற கிடங்குகளில் மலையாகக் குவிந்து, கோடைவரை உருகிக்கொண்டே இருக்கும்.

எந்தத் தெரு முதலில் என்ற வரிசையைக் குளிர்நாட்டார் தாமே இப்போது கேள்விக்குள்ளாக்குகிறார்கள். பனியில் கார் ஓட்டுவதைவிடக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது கடினம் என்பதால், சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகரம் நடைபாதைகளையும் மிதிவண்டிப் பாதைகளையும் முன்னுக்குக் கொண்டுவந்தது. ஸ்டாக்ஹோமும் அதே வழியில் சென்றது. 2016 நவம்பரில் ஸ்டாக்ஹோமில் ஒரே நாளில் 39 சென்டிமீட்டர் பனி கொட்டி நகரம் முடங்கியபோது, பழி முழுவதையும் இந்தப் புதிய வரிசையின் தலையில் சுமத்தியவர்கள் உண்டு. அவ்வளவு பனி அத்தனை விரைவில் விழுந்தால் எந்த வரிசையும் நொண்டும் என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.