கூட்டுக்குக் கீழே போய் எண்ணாதீர்கள்

இந்தப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் அதே மாதிரி ஒரு படம் வந்திருக்கிறது. செல்ஃபி குச்சியில் செல்போனை மாட்டி, கருவேல மரத்தடியில் நின்று எடுத்த நத்தைகுத்தி நாரைக் கூடு. கூடவே ‘குஞ்சு 3, உறுதி’ என்று குறிப்பு. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. மூன்றும் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன.

கணக்கெடுப்புக்கு ஆள் பழக்குவது என் வேலை. கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: “கொஞ்ச நேரம்தானே சார், தாய் திரும்பி வந்துடும்.”

வரும். அதற்குள் என்ன நடக்கிறது? அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது மட்டும் என்று நினைக்கிறார்கள். நம் பக்கத்து வெயிலில் நிழல் கொடுப்பதும் அதே அளவு வேலை. நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு மேல் குடைபோல நிற்கும். அது எழுந்து போனால் இறகு முளைக்காத குஞ்சு நேர் வெயிலில் கிடக்கும். காக்கைக்கோ உங்கள் ‘கொஞ்ச நேரத்தில்’ பாதி போதும். ஒன்று கிளம்பினால் பக்கத்துக் கூட்டுப் பறவைகளும் கிளம்பும். எண்ணப் போனது ஒரு கூடு, காலியாவது மரம் முழுக்க. பயந்து விளிம்புக்கு நகர்ந்த குஞ்சு கீழே விழுந்தால், அப்புறம் அதற்கு இரை கிடையாது. திரும்பி வந்த தாயைப் பார்த்தவர் இதில் எதையும் பார்ப்பதில்லை.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக் கண்மாய் 1977இல் பறவைகள் சரணாலயமானது. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, சின்னப் பிள்ளைகள் உட்பட. அந்தக் கண்மாய்க்கு மேல் கூடு எண்ண நாம் ட்ரோன் விடலாமா? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டைத் தொந்தரவு செய்வதும் வேட்டைதான்.

கரையிலேயே நில்லுங்கள். பைனாகுலர் போதும். பறவை உட்கார்ந்திருக்கும் கூடுகளை மட்டும் எண்ணுங்கள்; கூட்டுக்கு ஒரு ஜோடி. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். சாயங்காலம் வேண்டாம், அடைய வரும் உண்ணிக்கொக்குகளும் கணக்கில் சேர்ந்துவிடும். குஞ்சு எத்தனை என்று தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகத்தைவிட அது எனக்கு உதவும்.

செம்மண் பொட்டலில் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தால், முட்டையோ குஞ்சோ காலடிப் பக்கத்தில் இருக்கலாம். சரளையோடு சரளையாக நான்கு முட்டைகள் கிடக்கும். தேடாதீர்கள், வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். ‘பதற்றக் குரல்’ என்று எழுதினாலே நல்ல பதிவு.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் கூகை ஆந்தை இருந்தால், சாவிக்காரர் திறந்துவிடுகிறேன் என்றாலும் மாடி ஏறாதீர்கள். இருட்டியதும் தெருவில் நின்றாலே குஞ்சுகளின் சீறல் கேட்கும். எந்த வீடு என்பதைத் தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.