பார்த்தினோஜெனிசிஸ்: கன்னியா, பாலிலாவா?

இளந்தண்டில் மொய்த்திருக்கும் அசுவினி என்னும் சிறு பூச்சிகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் சற்று நேரம் பார்த்தால் ஒரு பிரசவம் கண்ணில் படும். தாயின் பின்முனையிலிருந்து பச்சைப் பொட்டு ஒன்று மெல்ல வெளியே வரும். வால்பக்கம் முதலில், தலை கடைசியில். மடங்கியிருந்த கால்களை விரித்து ஊன்றியதும், ஊசி போன்ற வாயைத் தண்டில் செருகிச் சாறு குடிக்கத் தொடங்கிவிடும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஆணே இருக்காது. பிறக்கும் பெண் குஞ்சின் வயிற்றுக்குள் அதற்கும் அடுத்த தலைமுறையின் கரு அப்போதே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆணின் விந்து சேராமலே இப்படிப் பிறப்பதைத்தான் பார்த்தினோஜெனிசிஸ் என்கிறார்கள். கிரேக்கத்தில் பார்த்தினோஸ் என்றால் கன்னி. ஜெனிசிஸ் என்றால் தோற்றம், பிறப்பு. கன்னித் தெய்வமான அதீனாவுக்கு ஏதென்ஸில் எழுப்பிய பார்த்தினான் கோயிலின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

சொல்லுக்கு முன்பே காட்சி பதிவாகிவிட்டது. 1740 மே 20 அன்று, ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல் பொன்னே என்னும் 20 வயது இளைஞர் அப்போதுதான் பிறந்த அசுவினி ஒன்றைத் தனியே பிரித்துக் கண்ணாடிக்குள் அடைத்தார். ஒரு மாதத்துக்கும் மேல் அதை விடாமல் கவனித்தார். ஆண் வாடையே படாத அந்தப் பூச்சி 95 குஞ்சுகளை ஈன்றது. 1849இல் ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் பார்த்தினோஜெனிசிஸ் என்ற சொல்லைத் தம் நூலின் தலைப்பாக்கினார். அவர் அதை மிக அகலமான பொருளில் பயன்படுத்தினார். அரும்புவிட்டுப் பெருகுவதும் அதில் அடங்கியது. கருவுறாத முட்டையிலிருந்து உயிர் வளர்வது மட்டுமே உண்மையான பார்த்தினோஜெனிசிஸ் என்று 1856இல் ஜெர்மானிய விலங்கியலாளர் சீபோல்ட் வரம்பு கட்டினார். இன்று நாம் கொள்ளும் பொருள் இதுதான்.

தமிழில் கன்னி இனப்பெருக்கம், கன்னிப்பிறப்பு என்னும் இரண்டும் வழங்குகின்றன. இதைப் பாலிலா இனப்பெருக்கத்தின் ஒரு வகையாகச் சேர்த்துச் சொல்வதும் உண்டு. எனக்கு இடறுவது இங்கேதான். பால் என்றால் பகுப்பு. அறத்துப்பால் என்பதிலும் பெண்பால் என்பதிலும் உள்ளது அதே சொல். ஹைட்ரா என்னும் சிறு நீருயிரியின் உடலில் ஓர் அரும்பு புடைத்து, உணர்நீட்சிகள் முளைத்து, கழன்று தனி ஹைட்ரா ஆகிறதே, அது பாலிலாப் பெருக்கம். அமீபா இரண்டாகப் பிளப்பதும் அப்படியே. அங்கே ஆண் பெண் என்ற பகுப்புக்கு வேலையே இல்லை. அசுவினியோ பெண். அதற்குச் சூலகம் உண்டு, சூலகத்தில் முட்டை உண்டு. அந்த முட்டை வெளியே வராமல் உள்ளேயே கருவாக வளர்ந்து குஞ்சாகிறது. பால் இருக்கிறது, விந்து மட்டும் சேரவில்லை. அதைப் பாலிலா என்பது பிழை.

கன்னி என்பதும் முழுக்கப் பொருந்தவில்லை. கன்னிப் பேச்சு, கன்னி முயற்சி என்று பழகிய நம் காதுக்குக் கன்னிப்பிறப்பு முதல் பிறப்பு என்றும் ஒலிக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் ராணித் தேனீ. அது பறந்துபோய்ப் பல ஆண்களுடன் கூடி, விந்தைத் தன் உடற்பையில் சேமித்து வைத்திருக்கிறது. முட்டையிடும்போது விந்து சேர்ந்தால் பெண் தேனீ. சேராமல் விட்டால் ஆண் தேனீ. அந்த ராணியை எப்படிக் கன்னி என்பது? கலவியிலாப் பிறப்பு என்று மாற்றினாலும் இதே இடத்தில் தடுக்கும்.

2006இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சிச் சாலையில், ஆணோடு ஒருநாளும் சேர்ந்திராத ஃப்ளோரா என்னும் கொமோடோ உடும்பு இட்ட முட்டைகளில் கரு வளர்ந்தது. அதற்குக் கன்னி என்ற சொல் அப்படியே பொருந்தும். அசுவினி, தேனீ, உடும்பு மூன்றுக்கும் பொதுவாக இருப்பது தாயின் நிலை அன்று, முட்டையின் நிலை. துணையணு சேராமல் தனித்தே உயிராகும் முட்டை. ஆகவே தனிமுட்டைப் பிறப்பு என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. பாடநூலை எழுதிப் பழகியவர்கள் கன்னி இனப்பெருக்கம் என்றே தொடரட்டும். பாலிலா என்ற தலைப்பின்கீழ் மட்டும் அதை அடைக்க வேண்டாம்.

தனிமுட்டைப் பிறவி என்று ஆண் தேனீயைச் சொன்னால் அதன் வமிசமும் தெளிவாகிவிடும்: அதற்குத் தந்தை இல்லை, ஆனால் தாய்வழித் தாத்தா உண்டு.