சீர்மிகு நகரத் திட்டம் முடிந்துவிட்டது. கேமராவும் சென்சாரும் இனி யார் பொறுப்பு?

நகரங்களை மேம்படுத்த மத்திய அரசு கொண்டுவந்த ஸ்மார்ட் சிட்டி, அதாவது சீர்மிகு நகரத் திட்டத்துக்கு விண்ணப்பப் படிவம் எதுவும் இல்லை. பயனாளிகள் பட்டியல், மானியம், வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகை என்று எதுவும் கிடையாது. இப்போதும் "எங்கள் ஏரியாவுக்கு எப்போது வரும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வராது. 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு திட்டத்தை மத்திய அரசு முடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிய கேமராக்கள், சிக்னல்கள், மழைமானிகள், குடிநீர்க் குழாயின் அளவிகள், இவை அத்தனையையும் ஒரே திரையில் காட்டும் கட்டுப்பாட்டு அறை எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றை ஓட்டும் செலவு இனி மாநகராட்சியின் தலையில், அதாவது நாம் கட்டும் சொத்து வரியில். அதனால் திட்டம் முடிந்த பிறகுதான் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

2015 ஜூன் 25 அன்று திட்டம் தொடங்கியது. அதே நாளில்தான் அம்ருத் திட்டமும் தொடங்கியது. அதனால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை என்று தோண்டினால் அது பெரும்பாலும் அம்ருத். அதன் இரண்டாம் கட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது. தமிழில் 'சீர்மிகு நகரம்' என்று பலகை வைத்திருந்தால் அது நாம் பேசும் திட்டம். நாடு முழுவதும் 100 நகரங்களைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2016 ஜனவரியில் வந்த முதல் பட்டியலிலேயே சென்னையும் கோவையும் இடம்பிடித்தன. அப்புறம் மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூர். அடுத்து திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடி, திருப்பூர். கடைசியாக 2018-இல் ஈரோடு. மொத்தம் 11. புதுச்சேரியும் தனியாக உண்டு.

பணக் கணக்கு எளிமையானது. ஒரு நகரத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 100 கோடி ரூபாய், ஐந்தாண்டுக்கு 500 கோடி மத்திய அரசு தரும். அதே அளவு தொகையை மாநில அரசும் மாநகராட்சியும் போட வேண்டும். மத்திய அரசின் பங்குக்கு மட்டும் 48,000 கோடி ஒதுக்கினார்கள். மீதியைத் தனியார் பங்களிப்பு, கடன், மற்ற திட்டங்களின் நிதி என்று திரட்டிக்கொள்ளலாம். தொடக்கத்தில் நகரங்கள் தீட்டிய திட்டங்களின் மதிப்பு 2 லட்சம் கோடியைத் தாண்டியது. கடைசியில் கணக்கில் நின்றது 8,000 சொச்சம் பணிகள், சுமார் 1.64 லட்சம் கோடி. ஐந்தாண்டில் முடிய வேண்டியதை 2023, 2024, 2025 என்று நீட்டிக்கொண்டே போனார்கள்.

இங்கே பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விதி இருக்கிறது. இந்தப் பணம் நேராக மாநகராட்சிக்குப் போகவில்லை. ஒவ்வொரு நகரத்துக்கும் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் ஒரு தனி நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் அதில் பாதிப் பாதிப் பங்கு. 'சென்னை ஸ்மார்ட் சிட்டி லிமிடெட்' போன்றவை இப்படி வந்தவைதான். டெண்டர், ஒப்பந்தம், பில் எல்லாம் இந்தக் கம்பெனி வழியாக. வேகமாக வேலை நடக்கும் என்பது இதற்குச் சொன்ன காரணம். நடந்ததும் உண்மைதான். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு இதில் கையளவு இடம்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் அந்தக் கையளவு இடமும் இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். திட்டத்தின் பெரும்பகுதி டெண்டர்கள் போடப்பட்ட அந்த ஆண்டுகளில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் மாநகராட்சிகளை நடத்தினார்கள். எந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஆளே இல்லாமல் இவ்வளவு பணம் செலவானது. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான். கேமரா தரமா, கிரானைட் தரமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செலவான இடத்தைப் பார்த்தாலும் இது புரியும். திட்ட விதிப்படி, நகரத்தின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதை முழுமையாக மேம்படுத்த வேண்டும். அதற்கு மேல், நகரம் முழுவதற்கும் பயன்படும் தொழில்நுட்பம் ஒன்றாவது வேண்டும். பணத்தில் ஐந்தில் நான்கு பங்கு போல முதல் வகைக்கே போனது. 426 சதுர கிலோமீட்டர் சென்னையில் அந்தப் பகுதி தி.நகர். 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அகலமான நடைபாதை, உட்கார இருக்கை, மாலையில் குடும்பத்தோடு நடக்க நல்ல இடம். அதை மறுக்க முடியாது. இரண்டே ஆண்டில், 2021 நவம்பர் மழையில், அதே தி.நகர் தெருக்கள் தண்ணீரில் மிதந்தன. தி.நகரின் மழைநீர் வடியும் மாம்பலம் கால்வாயில் நடந்த பணிகள் பேச்சுப்பொருளாயின. பிறகு ஸ்மார்ட் சிட்டி பணிகளில் முறைகேடு நடந்ததா என்று விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் ஒரு நபர் குழுவை மாநில அரசு அமைத்தது.

மற்ற ஊர்களில் அதிகம் கண்ணில் படுவது பேருந்து நிலையம். மதுரை பெரியார், திருச்சி சத்திரம், சேலம் பழைய பேருந்து நிலையம், வேலூர் புதிய பேருந்து நிலையம், தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையம்... டிஜிட்டல் நகரம் என்று தொடங்கி, கடைசியில் சிமெண்டும் கம்பியுமாகவே நிறைய பணம் போனது. தவறு என்று சொல்ல வரவில்லை. நல்ல பேருந்து நிலையமும் ஊருக்குத் தேவைதான்.

சரி, டிஜிட்டல் பக்கம் என்ன இருக்கிறது? 100 நகரங்களிலும் கட்டாயமாக வந்தது ஒருங்கிணைந்த கட்டளை மற்றும் கட்டுப்பாட்டு மையம். சென்னையில் அது ரிப்பன் மாளிகை வளாகத்தில் இருக்கிறது. சுவர் முழுக்கத் திரைகள். எதிரே வரிசையாக ஊழியர்கள். குப்பை லாரி எந்தத் தெருவில் நிற்கிறது, எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்திருக்கிறது, சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறுகிறதா, மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு எந்த வார்டிலிருந்து அதிகப் புகார் வருகிறது என்று எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முதலமைச்சர்கள் வந்து உட்காருவதும் அந்த அறையில்தான். அது வெறும் படக்காட்சி இல்லை. முன்பு மண்டல அலுவலகம், மின்வாரியம், போலீஸ், தீயணைப்புத்துறை என்று தனித்தனியாக போன் போட்டுக் கேட்க வேண்டிய தகவல் இப்போது ஒரே மேசையில் கிடைக்கிறது. தண்ணீர் இறைக்கும் மோட்டாரை எந்தச் சுரங்கப்பாதைக்கு முதலில் அனுப்புவது என்ற முடிவு அரை மணி நேரம் முன்னதாக எடுக்கப்பட்டாலே பெரிய வித்தியாசம்.

ஆனால் திரையில் தெரிவது, கீழே உள்ள கருவி உயிரோடு இருக்கும்வரைதான். தெருவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. விளக்கு போட்ட தெருக்களில் கம்பத்தோடோ ஓரமாகவோ ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளே மின் அளவி, சுவிட்சுகள், ஒரு சிம் கார்டு. அந்தப் பெட்டியின் கீழ் வரும் விளக்குகளை மையத்திலிருந்தே போடலாம், அணைக்கலாம். எவ்வளவு மின்சாரம் ஓடியது, எந்த இணைப்பு செத்துப்போனது என்பது அங்கேயே தெரியும். பகலில் எரியும் விளக்கு, இரவில் எரியாத விளக்கு இரண்டையும் ஆள் போய்ப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். மின்கட்டணம் குறைவது இதில்தான். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து, சிம் கார்டுக்குப் பணம் கட்ட ஆளில்லை என்றால்? விளக்கு எரியும். பெட்டி மட்டும் பேசாது. நாம் பழையபடி கவுன்சிலருக்குப் போன் போட வேண்டியதுதான். இந்த ஒப்பந்தங்களில் கருவியோடு சில ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். அந்தக் காலம் முடியும் தேதிதான் இப்போது ஒவ்வொரு ஊரிலும் கேட்க வேண்டிய தேதி.

சுற்றுச்சூழல் பக்கம் தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்டது கோவைக் குளங்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி, குறிச்சி என்று நொய்யலாற்றோடு இணைந்த குளங்களைச் சீரமைத்து நடைபாதை போட்டார்கள். மாதிரிச் சாலைகளுக்கும் இந்தக் குளங்களுக்கும் சேர்த்து, ஸ்மார்ட் சிட்டிகளுக்கான 2022-ஆம் ஆண்டு தேசிய விருதுப் பட்டியலில் கட்டமைப்புப் பிரிவில் கோவைக்கு முதலிடம் கிடைத்தது. அந்தப் பட்டியலில் மாநிலங்களில் தமிழ்நாடு இரண்டாவது. கரை அழகாகிவிட்டது, குளத்துக்குள் வரும் கழிவுநீர் நின்றதா என்பது வேறு கேள்வி. வாய்க்காலில் கழிவுநீர் கலக்கும்வரை, கரையில் எத்தனை வண்ண விளக்கு போட்டாலும் ஆகாயத்தாமரை மறுபடி வரும்.

தண்ணீரில் உண்மையாக மிச்சம் பிடித்த வேலை ஸ்மார்ட் சிட்டி பலகைக்கு வெளியே நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு ஆகிய இரண்டு இடங்களிலும் சாக்கடை நீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து, தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்களைக் குடிநீர் வாரியம் அமைத்தது. அந்த அளவு நல்ல தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. திரை இல்லை, ஆப் இல்லை. ஆனால் நகரம் நீடித்து நிற்க இதுதான் உதவும்.

கேமராக்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் திட்டத்தில் நாடு முழுவதும் 84,000-க்கும் மேற்பட்ட கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. காணாமல் போன குழந்தையைத் தேடவும் விபத்து வாகனத்தைக் கண்டுபிடிக்கவும் உதவுகின்றன. அதே நேரம் அந்தப் பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்பது உங்கள் நகரத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இனி, நீங்கள் செய்யக்கூடியது.

விளக்கு, குப்பை, தேங்கிய தண்ணீர் போன்ற அன்றாடப் புகாருக்கு சென்னையில் 1913. மற்ற ஊர்களில் அந்தந்த மாநகராட்சியின் புகார் எண். தெருவிளக்குப் புகார் என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். "பிள்ளையார் கோயில் எதிரே" என்பதைவிட அது வேகமாக வேலை செய்யும். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்யாமலே 'முடிந்தது' என்று குறுஞ்செய்தி வந்தால், அதே எண்ணைச் சொல்லி மறுபடி திறக்கச் சொல்லலாம்.

அடுத்தது பகுதி சபை. கிராமத்துக்கு கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாக நடத்தினார்கள். வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். பாதிப் பேருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. "நம் வார்டில் எத்தனை கேமரா வேலை செய்கிறது? மழைமானி எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியை அங்கே கேட்டு, கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்ன பதில் அடுத்த கூட்டத்தில் நினைவிருக்காது.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசுப் பணத்தில், அரசின் பங்கில் நடக்கும் நிறுவனம் என்பதால் ஸ்மார்ட் சிட்டி கம்பெனியும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. கம்பெனி கலைக்கப்பட்டாலோ வேறு வேலைக்கு மாற்றப்பட்டாலோ, ஆவணங்கள் யாரிடம் இருக்கின்றனவோ அந்த அலுவலகத்துக்கு மனுவை மாற்றி அனுப்ப வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் பொறுப்பு. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்றின் நகல் இணைக்க வேண்டும்.

மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். உதாரணமாக இப்படி: "சீர்மிகு நகரத் திட்டத்தில் இந்த வார்டில் பொருத்தப்பட்ட கேமராக்கள், சென்சார்கள், தெருவிளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் பட்டியல், இடவாரியாக. அவற்றின் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல். ஒப்பந்தம் முடியும் தேதி. கடைசி இரண்டு நிதியாண்டில் பராமரிப்புக்குக் கொடுத்த தொகை. இன்றைய நிலையில் இயங்கும் கருவிகளின் எண்ணிக்கை." ஐந்து வரி போதும். நீட்டி எழுதினால் ஒரு வரிக்கு மட்டும் பதில் வந்து மற்றவை காணாமல் போகும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அங்கும் சரிப்படவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. ஆணையத்தில் விசாரணைக்கு வர நாளாகும். அதற்குள் முதல் மேல்முறையீட்டிலேயே பாதி ஆவணம் கைக்கு வந்துவிடுவதும் உண்டு. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.