படகில் குளித்தால் தண்ணீர் எங்கே போகும்?

எங்கள் மலேசியத் தோட்டத்தில் குளியலறைக்குத் தரை போட வரும் கொத்தனார், சிமெண்டு காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிப் பார்ப்பார். தண்ணீர் தானாக ஓடி, மூலைத் துளையில் இறங்கி, சுவருக்கு வெளியே இருக்கும் கால்வாயில் விழ வேண்டும். அப்படி விழுந்தால்தான் 'வாட்டம் சரி' என்பார். 50 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு இருந்தால் போதும், மீதியைப் பூமியின் ஈர்ப்பு பார்த்துக்கொள்ளும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அறுபது எழுபது வருடம் ஓடிய குளியலறைகளும் இந்த ஒரே சூட்சுமத்தில்தான் ஓடின.

படகில் இந்தச் சூட்சுமம் வேலை செய்யாது. அதை நான் ஒரு ஷவர் ட்ரே, அதாவது நின்று குளிக்கும் வடிதட்டு, பொருத்தப் போன இடத்தில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் பாகான் டத்தோ. பேராக் ஆறு கடலில் கலக்கும் இடம். ஒரு பக்கம் தென்னையும் செம்பனையும், மறு பக்கம் சேறும் அலையாத்திக் காடும் படகுத்துறையும். பக்கத்து வீட்டு அண்ணன் தோட்ட வேலையை விட்டுவிட்டு, பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். 36 அடி நீளம். செம்பிலான் தீவுகள் பக்கம் இரவு தங்கி மீன் பிடிக்கிறவர்களை ஏற்றிப் போவது அவர் எண்ணம். உப்புக் காற்றில் ஓர் இரவு இருந்தவர்களுக்கு விடிந்ததும் நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டும் என்று இருக்காதா? ஹார்ட்வேர் கடையில் 80 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு ட்ரேயைப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, நீ பம்பு ஹவுஸில் குழாய் வேலை பார்த்தவன்தானே, வீட்டில் போடுகிற மாதிரி இதை வைத்து, பக்கவாட்டில் ஒரு துளை போட்டு வெளியே விட்டுவிடு" என்றார்.

துளை போடுவதற்கு முன்னால் ஓர் அளவு எடுத்தோம். ஜன்னல் விளிம்பிலிருந்து வெளியே ஆற்றுத் தண்ணீர் வரை ஒரு கயிறு, அதே விளிம்பிலிருந்து உள்ளே குளியலறைத் தரை வரை இன்னொரு கயிறு. உள்ளே விட்ட கயிறுதான் மற்றதைவிட 20 சென்டிமீட்டர் கூடுதல் நீளம். அதாவது குளிக்கிறவர் நிற்கப்போகும் தரை, வெளியே இருக்கும் நீர்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது.

அங்கே துளை போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாது, ஆறுதான் உள்ளே வரும். எவ்வளவு வேகமாக வரும் என்பதை இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டார்: துளைக்கு மேலே நிற்கும் நீரின் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால் என்ன வேகம் வருமோ, அதே வேகத்தில் தண்ணீர் பீய்ச்சும். 20 சென்டிமீட்டருக்கு அது நொடிக்கு சுமார் 2 மீட்டர். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னத் துளையில், உராய்வுக்கும் நீர்த்தாரை சுருங்குவதற்கும் கழித்துப் பார்த்தாலும், நிமிடத்துக்கு சுமார் 35 லிட்டர் உள்ளே வரும். இரண்டு பெரிய வாளி. இரவு முழுக்க யாரும் பார்க்கவில்லை என்றால் விடியும்போது படகு சேற்றில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே தண்ணீரைத் தூக்கி வெளியேற்ற வேண்டும். ட்ரேயிலிருந்து வடியும் நீர் தரைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியில் சேரும். அதைச் சம்ப் என்கிறோம். அதிலிருந்து ஒரு 12 வோல்ட் பம்பு நீரை உறிஞ்சி, நீர்மட்டத்துக்கு மேலே வைத்த வாய் வழியாகத் தள்ளும். வெளிவாய் மேலே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அது நீருக்குள் முங்கினால், பம்பு நின்ற பிறகு சைஃபன் முறையில் ஆற்று நீர் அதே குழாய் வழியாகத் திரும்பி உள்ளே வரும். நாம் டிரம்மிலிருந்து ரப்பர் குழாயை உறிஞ்சிவிட்டுத் தண்ணீர் இறக்குவோமே, அதே வேலையை ஆறு நமக்குச் செய்யும். படகு ஒரு பக்கம் சாயும்போதும் முங்காத உயரம் வேண்டும். கூடவே, வெளிவாய்க்குப் போகும் வழியில் குழாயை இன்னும் மேலே தூக்கி ஒரு வளைவு கொடுத்து இறக்கினோம்.

பம்பில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, உள்ளே சக்கரம் சுழன்று நீரை விளிம்புக்கு வீசித் தள்ளுவது. விலை குறைவு. ஆனால் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் வேலை செய்யும். காற்று தண்ணீரைவிட 800 மடங்குக்கு மேல் லேசு. சக்கரம் காற்றை வீசினால் உறிஞ்சும் விசை பெரிதாக எதுவும் பிறக்காது. அதனால் இது எப்போதும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீரை அடியில் விட்டுவிட்டு நின்றுவிடும். இரண்டாவது, ரப்பர் சவ்வு ஒன்று முன்னும் பின்னும் அசைந்து, வால்வு வழியாக இழுத்துத் தள்ளும் டயாஃப்ரம் பம்பு. காற்றையும் இழுக்கும், கொஞ்ச நேரம் காய்ந்து ஓடினாலும் கெடாது, பெட்டியைக் கிட்டத்தட்டத் துடைத்து எடுத்துவிடும். விலை கூட. நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொன்னேன். காரணம் நாற்றம். சோப்பும் தோல் அழுக்கும் முடியும் கலந்த நீர், நம் ஊர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் கிடந்தால், காற்று தேவைப்படாத பாக்டீரியாக்கள் பெருகி அழுகிய முட்டை வாசத்தைக் கிளப்பும். அந்த வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. அடியில் நீர் தேங்காமல் இருப்பதுதான் அதற்கு நல்ல மருந்து. முடிக்கு ஒரு வடிகட்டியும் வேண்டும், கையை விட்டு எடுக்கக்கூடிய இடத்தில்.

பம்பின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஷவரிலிருந்து நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டினால், இழுக்கும் பம்பு அதைப்போல் இரு மடங்காவது இழுக்க வேண்டும். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் பெரும்பாலும் ஏற்றமே இல்லாத நிலையில் அளந்தது. ஒரு மீட்டர் தூக்கும்போதும் வளைவுகளில் நுழையும்போதும் அது குறையும்.

சரி, இப்போது வாட்டத்துக்கு வருவோம். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த பகுதி இதுதான்.

வீட்டுத் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இன்றைக்கும் நாளைக்கும் அதே அளவுதான் காட்டும். படகு ஒவ்வொரு மணி நேரமும் வேறு மட்டத்தில் மிதக்கும். மீன் பிடிக்க வந்த ஆறு பேரும் பின்பக்கத்தில் நின்று தூண்டில் போட்டால், 400 கிலோ பின்னால் சேர்கிறது. படகின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு எழும்பும். 2 டிகிரி எழும்பினாலே 80 சென்டிமீட்டர் ட்ரேயின் ஒரு முனை மறு முனையைவிட 2.8 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். கடையில் விற்கும் ட்ரேயில் இருப்பதோ 50-க்கு 1 வாட்டம், அதாவது 80-க்கு 1.6 சென்டிமீட்டர். வடிதுளை முன்பக்கம் பார்த்து இருந்தால், படகின் சாய்வு ட்ரேயின் வாட்டத்தை விழுங்கிவிட்டு, தண்ணீரை எதிர் மூலைக்கு ஓட்டும்.

எனவே ட்ரே வாங்கும் முன்பே, தண்ணீர்த் தொட்டியும் டீசல் தொட்டியும் வழக்கம்போல் நிரம்பியிருக்க, ஆட்கள் நிற்கும் இடத்தில் ஆட்களை நிறுத்தி, படகை மிதக்கவிட்டு மட்டம் பார்க்க வேண்டும். கரையில் கட்டையின் மேல் ஏற்றி வைத்துப் பார்த்த மட்டம் எதற்கும் ஆகாது. நாங்கள் ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தோம். நிற்கும்போதும் அது பின்பக்கம்தான் ஓடியது, இன்ஜின் ஓடும்போதும் பின்பக்கம்தான். ஆகவே வடிதுளை பின்பக்கம்.

ஆனால் வற்றம் வரும்போது எங்கள் துறையில் படகு சேற்றில் உட்கார்ந்து, சில நாள் இடப்பக்கமும் சில நாள் வலப்பக்கமும் சாயும். அப்போது? பின்பக்கத்து இரண்டு மூலையிலும் ஒவ்வொரு துளை போடலாம் என்றார் அண்ணன். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு துளையின் குழாயையும் இணைத்து நேராகப் பம்பில் கொடுத்தால் காரியம் கெடும். உயரே இருக்கும் துளையில் தண்ணீர் இல்லை, காற்றுதான் இருக்கிறது. தாழ்ந்த துளையில் தண்ணீர் நிற்கிறது. இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்தால், எளிதாக நுழையும் காற்றையே பம்பு இழுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் அசையாமல் கிடக்கும். இரண்டு ஸ்ட்ராவை வாயில் வைத்து, ஒன்றை இளநீரிலும் மற்றதை வெளியிலும் விட்டு உறிஞ்சிப் பாருங்கள், புரியும். அதற்குத்தான் சம்ப் பெட்டி. ஒவ்வொரு துளையும் தன் எடையிலேயே பெட்டிக்குள் இறங்க வேண்டும், பெட்டியிலிருந்து ஒரே குழாய் பம்புக்குப் போக வேண்டும்.

பெட்டியில் மிதவை சுவிட்ச் வைத்தால் இன்னொரு சிக்கல் எட்டிப் பார்க்கும். பம்பு நின்றதும், மேலே ஏறிக்கொண்டிருந்த குழாய் நீர் சில பம்புகளில் பின்னோக்கி வழியும். 19 மில்லிமீட்டர் குழாய் 2 மீட்டர் என்றால் அரை லிட்டருக்கு மேல். பெட்டி சிறிதாக இருந்தால் அந்த அரை லிட்டரே மிதவையைத் தூக்கி, பம்பை மறுபடி ஓடவைக்கும். ஓடி நிற்கும், நின்று ஓடும், பேட்டரி தீரும் வரை. அகலமான பெட்டி, குட்டையான குழாய், இரண்டும் சேர்ந்தால் இது அடங்கும்.

ட்ரேயின் விளிம்பு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? இதற்கு ஒரு கணக்குப் போட்டேன், விடை எனக்கே ஆச்சரியம். படகு அலையில் 10 டிகிரி சாய்கிறது, ட்ரே 75 சென்டிமீட்டர் சதுரம் என்று வையுங்கள். சாய்ந்த ட்ரேயில் தண்ணீர் ஆப்பு வடிவில் ஒரு ஓரத்தில் ஒதுங்கும். விளிம்பு 4 சென்டிமீட்டர் என்றால் வழியாமல் சுமார் 3.4 லிட்டர்தான் பிடிக்கும். 7 சென்டிமீட்டர் என்றால் 10 லிட்டருக்கு மேல் பிடிக்கும். உயரம் இரு மடங்குகூட ஆகவில்லை, கொள்ளளவோ மூன்று மடங்கு. உயரம் கூடும்போது ஆப்பு நீளத்திலும் வளர்கிறது, அதனால்தான். இன்றைக்குக் கடைகளில் பார்வைக்கு அழகாக விற்கும் தட்டையான ட்ரேக்கள் படகுக்கு ஏன் தோதில்லை என்பது இதில் தெரிந்துவிடும். அதே சமயம் தலைக்கு மேலே கூரை இருக்கிறது. அண்ணன் உயரமானவர். ட்ரேயை மேடை கட்டித் தூக்கினால் குனிந்துதான் குளிக்க வேண்டும். விளிம்பு உயரமாக, தரை தாழ்வாக. இரண்டும் வேண்டும்.

பொருளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கல்தூளும் பிசினும் கலந்து வார்த்த ட்ரே வீட்டுக்கு அருமையானது. படகுக்கு வேண்டாம் என்பதற்கு எல்லோரும் எடையைச் சொல்வார்கள். எடை அடித்தரையில் இருந்தால் படகின் நிலைப்புக்குக் கெடுதல் பெரிதாக இல்லை. உண்மையான காரணம் அது வளையாது என்பதுதான். படகின் உடல் ஒவ்வொரு அலையிலும் கொஞ்சம் முறுகுகிறது. வளையாத பொருள் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளாமல் ஓரங்களில் விரிசல் விடும். டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதை. அக்ரிலிக் வளையும், ஆனால் அடியில் முழுத் தாங்கல் வேண்டும். நாங்கள் கடைசியில் ஃபைபரிலேயே வார்த்துவிட்டோம். படகின் பக்கச் சுவர் வளைந்திருப்பதால் சதுர ட்ரே எப்படியும் பொருந்தாது. பிளைவுட்டில் அச்சு செய்து மெழுகு பூசி, கண்ணாடி நார் அடுக்கி, வாட்டத்தை 30-க்கு 1 என்று கூட்டி வைத்தோம். படகு எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட 2 டிகிரி சாய்ந்தாலும் தண்ணீர் இனித் திரும்பி ஓடாது.

அடியில் வெற்றிடம் இருந்தால் ஆள் ஏறி நிற்கும்போதெல்லாம் ட்ரே தாழ்ந்து எழும். வடிதுளையின் வாஷர் மெல்ல மெல்லத் தளரும். எப்பாக்சியில் தூள் கலந்து கெட்டியாக்கி, அந்தப் படுக்கையில் ட்ரேயை அழுத்தினோம். ஸ்பிரே நுரையை அடியில் அடிக்கச் சொல்வார்கள். அது உப்பும்போது ட்ரேயையே தூக்கி, கஷ்டப்பட்டு வைத்த வாட்டத்தைக் கெடுத்துவிடும்.

சுவர் ஓரத்தை அடைப்பதில் எல்லோரும் சீலண்டை நம்புகிறார்கள். நான் அத்தாப்புக் கூரையை நம்புகிறேன். மேல் ஓலை கீழ் ஓலையின் மேல் விழுவதால்தான் மழை உள்ளே வருவதில்லை, பசை எதுவும் இல்லை. அதுபோல ட்ரேயின் ஓரத்தை மேல்நோக்கி மடித்து, சுவர்ப்பலகை அதன் முன்னால் இறங்கும்படி வைத்தோம். அதற்கு மேல்தான் சீலண்ட், அதுவும் நன்றாக இழுபடும் பாலியூரித்தேன் வகை. வினிகர் வாசம் வரும் சிலிக்கோனைத் தவிர்த்தோம். இறுகும்போது அது வெளியிடும் அசெட்டிக் அமிலம் சில உலோகங்களை அரிக்கும். சிலிக்கோன் பட்ட இடத்தில் பிற்பாடு வேறு எதுவும் சரியாக ஒட்டாது. இடைவெளியை 5, 6 மில்லிமீட்டர் அகலமாக விட்டோம். 1 மில்லிமீட்டர் மெல்லிய கோடாகப் பூசினால், 1 மில்லிமீட்டர் விலகலே அதை இரு மடங்காக இழுத்து அறுத்துவிடும். பூசும்போது ட்ரேயில் மூன்று வாளித் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தோம். எடையால் இடைவெளி அதிகபட்சம் விரிந்திருக்கும் நிலையில் சீலண்ட் இறுக வேண்டும். தண்ணீரை வடித்த பிறகு அது அமுங்கியே இருக்கும், யாராவது ஏறி நின்றாலும் பழைய அளவுக்குத்தான் விரியும்.

ஏன் இத்தனை கவனம், சொட்டுத் தண்ணீர்தானே என்று அண்ணன் ஒரு கட்டத்தில் கேட்டார். குளிக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர், அதுதான் ஆபத்து. மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது. செங்கால் என்ற உறுதியான காட்டு மரத்தில் கட்டிய பழைய மீன்பிடிப் படகுகளில்கூட, கடல்நீர் நனைக்கும் இடத்தைவிட மழைநீர் தேங்கும் மூலைகளில்தான் அழுகல் முதலில் தெரியும். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தலையெடுக்காது. ட்ரேக்கு அடியில் காற்றுப் புகாத இடத்தில் தினமும் ஒரு ஸ்பூன் நல்ல நீர் கசிந்தால், அந்த எல்லை எப்போது தாண்டியது என்றே தெரியாது. அடிப்பலகையின் வெட்டு முனைகளுக்கு மட்டும் மூன்று கை எப்பாக்சி பூசினேன். நாரின் வாய் திறந்திருப்பது அங்கேதான், உறிஞ்சுவதும் அங்கேதான்.

கடைசியில் கொத்தனாரின் வாளிதான். துளைகளை அடைத்து, ட்ரே நிறையத் தண்ணீர் விட்டு, அடியில் தமிழ்ச் செய்தித்தாளை விரித்துவிட்டு, ஓர் இரவு விட்டோம். காலையில் வலப்பக்கத் துளைக்கு நேர் கீழே ஐம்பது காசு அளவுக்கு ஓர் ஈர வட்டம். வாஷரைக் கழற்றிப் பார்த்தால், ஃபைபர் அங்கே ஒரு நார் அளவுக்கு மேடாக இருந்தது. தேய்த்துச் சமமாக்கி மறுபடி பொருத்தினோம். இரண்டாவது இரவு வற்றத்தில் படகு சேற்றில் உட்கார்ந்து சாய்ந்தே கிடந்தது. விடிந்ததும் அண்ணன் கையை விட்டுத் தாளை எடுத்தார், மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அப்புறம்தான் தரைப்பலகையை மூடினோம், பசை போடாமல், கழற்றக்கூடிய எட்டு ஸ்க்ரூவில்.