கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்?

முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் மதுரையில் என் அலுவலகத்துக்கு வரும் புகார்களில் ஒன்று: “எங்கள் பெண்ணின் கல்யாணப் படத்தை ஸ்டூடியோக்காரர் விளம்பரமாகப் போட்டுவிட்டார். கேட்டால், எடுத்தது நான்தானே என்கிறார்.”

எடுத்தது அவர்தான். ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. அந்த ‘இல்லாவிட்டால்’ என்பதில்தான் வில்லங்கம். ஒரு குடும்பம் கொண்டுவந்த பில்லின் முன்பக்கத்தில் முன்பணம், பாக்கி, ஆல்பத்தின் அளவு எல்லாம் இருந்தன. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி: படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஸ்டூடியோவுக்கு உரிமை உண்டு. கீழே தாய்மாமன் கையெழுத்து. சீர் செய்வதற்கு மாமன் போதும். மணப்பெண்ணின் முகத்தை விளம்பரமாக்க அவள் சம்மதம் வேண்டாமா? ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று 1994இலேயே உச்ச நீதிமன்றம், கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பான ராஜகோபால் வழக்கில் சொல்லியிருக்கிறது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். முன்பணம் கொடுக்கும்போதே அந்த வரியை அடிக்கச் சொல்லியிருந்தால் நீதிமன்றப் படி ஏறவே வேண்டாம்.

தெருவில் எடுப்பது வேறு கதை. பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதையே குற்றமாக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்தை எடுப்பவர் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்கவா முடியும்? ஆனால் அந்தத் திருவிழாவில் பக்தர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சும் துருத்தி நீரில் நனைந்த பெண் மறைவில் சேலை மாற்றுவதை ஒருவன் எடுத்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு பாயும். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. எடுக்கச் சம்மதித்தவள் பிறருக்கு அனுப்பச் சம்மதிக்காதபோது அத்தகைய படத்தை அனுப்பினாலும் அதே பிரிவுதான். ‘பொது இடம்தானே’ என்ற சால்ஜாப்பும் எடுபடாது. அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றி எடுத்தால், நடுத்தெருவானாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு உண்டு. படத்தில் சிக்கியவர் ஆணானாலும் அது பொருந்தும்.

பிடிபட்டவனின் போனைப் பிடுங்கி, படத்தை அழிக்கவைத்து, நாலு சாத்துச் சாத்தி அனுப்பிவிடுவது நம் ஊர் வழக்கம். கோபம் நியாயம்தான், சாட்சியமும் அத்தோடு ஒழிந்தது. அழிக்கவிடாமல் காவல்துறையை வரவழையுங்கள். இணையத்தில் ஏறிவிட்டதென்றால் கணக்கின் பெயர், இணைப்பு, தேதி தெரியும்படி முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு படம் ஏறிய தளத்தை நடத்தும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் அன்றைக்கே எழுதுங்கள்.